கம்பெனி ஆபீஸ் எந்தத் தெருவில்?

கம்பெனிப் பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் வக்கீல்களாகிய உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, தான் தயாரித்த பத்திரங்களைக் காட்டினார். டைப் அடித்தது சுத்தமாக இருந்தது. ஸ்டாம்பு சரியாக இருந்தது. ரிஜிஸ்டர்டு ஆபீஸ் என்ற இடத்தில் இருந்த முகவரியைக் காட்டி, இது யாருடைய வீடு என்று கேட்டேன். "தெரியாது சார். கட்சிக்காரர் சொன்னார், டைப்பிஸ்ட் அடித்தார். அது சும்மா ஒரு அட்ரஸ்தானே?" என்றார். அடுப்பில் வைத்த காப்பி பொங்குவதற்குள் அவரை அனுப்பிவிட்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

சும்மா ஒரு அட்ரஸ்! கம்பெனி தொடங்க ஏழு கையெழுத்து வேண்டுமென்றால் வீட்டுச் சமையல்காரரையும் டிரைவரையும் மச்சினனையும் வரிசையாக உட்கார வைத்து வாங்கிவிடுகிறீர்கள். அந்த ஏழு பேரும் அந்த வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்று பார்த்ததுண்டா?

நான் வக்கீல் தொழிலுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. கம்பெனி தொடங்குவதென்றால் பத்திரங்களை எழுதி, ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கி, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கொடுக்க வேண்டும். நான் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். அவர் பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். நிலவழக்கில் அவரை அடிக்க அந்தக் கோர்ட்டில் ஆள் இல்லை. எனக்கு அவர் சொன்ன முதல் பாடம், "பேனாவத் தொறக்கதுக்கு முன்னால ஒனக்க கட்சிக்காரன் யாருன்னு தெரிஞ்சுக்கிடணும்" என்பது. நல்ல பாடம். சொன்னவர் அதைக் கடைப்பிடித்திருந்தால் நான் இன்றுவரை அவரைக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலத்தில் சுயம்பு அண்ணாச்சி என்று ஒருவர் பஸ் வைத்திருந்தார். நாகர்கோவிலில் புறப்பட்டு, பூதப்பாண்டி வழியாக மலையடிவாரத்தில் ஒரு ஊர்வரை போய்த் திரும்பும். முதலில் மாட்டுவண்டியில் கருப்பட்டி ஏற்றிப் பிழைத்தவர். யாரோ கைவிட்ட லாரி ஒன்றை வாங்கி, அதன்மேல் பலகை அடித்து பஸ் ஆக்கினார். தானே ஓட்டினார். அடியில் படுத்துத் தானே பழுது பார்த்தார். சொன்ன நேரத்துக்கு வண்டி வரும். கோர்ட்டுக்கு வருகிறவர்கள், நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போக நாகர்கோவிலில் வண்டி மாற வேண்டிய நோயாளிகள், எல்லாரும் அந்த பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்பார்கள்.

பஸ் போய்ச் சேரும் ஊரில் கோயிலைச் சுற்றி நான்கு தெரு. அந்தத் தெருக்களில் சுயம்பு அண்ணாச்சி நடக்கக் கூடாது. காரணம் சாதி. அதனால் பஸ் தெருவுக்கு வெளியே வாய்க்கால் பாலத்தில் நின்றுவிடும். தெருக்காரர்கள் அங்கே இறங்கி வீட்டுக்கு நடப்பார்கள். அவர் துடைத்த பலகையில், அவர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து வந்தவர்கள்தான் அவர்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் வரை அவர் முட்டி இடிக்கலாம். அந்தப் பக்கம் அவர் நிழல்கூட விழக் கூடாது.

நான் நடக்கலாம். இதைக் கவனித்துக் கேளுங்கள். எனக்கும் அவருக்கும் ஒரே சாதி, தூரத்துச் சொந்தமும் உண்டு. என் தாத்தா வேதத்தில் சேர்ந்தார், கிறிஸ்தவர் ஆனார். அவருடைய தாத்தா சேரவில்லை. அதனால் நான் தோல்பையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் கைவீசி நடக்கலாம், அவர் பாலத்தில் நின்று பார்க்கலாம். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

அந்தத் தெருவில் பெரிய வீட்டுக்காரர் என்று ஊரே அழைத்த ஒருவர் இருந்தார். சுயம்பு அண்ணாச்சியின் பஸ் நிறைந்து போவதைப் பார்த்து அவரும் ஒரு பஸ் வாங்கினார். புது வண்டி, மெத்தை வைத்த சீட்டு. ஆனால் வீட்டு அம்மா தலைசீவி முடித்துக் கிளம்பினால்தான் அந்த வண்டி கிளம்பும். யார் ஏறுவார்கள்? கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு பஸ்ஸையும் சேர்த்து லிமிடெட் கம்பெனி ஆக்கிவிடலாம். அவரும் அவருடைய சொந்தக்காரர்களுமாக ஆறு பேர். ஏழாவது சுயம்பு. அவர் பஸ்ஸையும் லைசென்சையும் கம்பெனிக்குக் கொடுப்பார். மூன்றில் ஒரு பங்கு ஷேர் அவருக்கு, ஒரு டைரக்டர் பதவியும் உண்டு.

பேச்சு முடிந்து எல்லாரும் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். ஆறு பேர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சுயம்பு அண்ணாச்சி கதவோரம் நின்றார். சீனியர் கேட்கக் கேட்க நான் குறித்துக்கொண்டேன்.

"ஆபீஸ் எங்க வச்சுக்கிடலாம்?" என்று சீனியர் கேட்டார்.

"எங்க வீட்டுலயே இருக்கட்டும். பட்டாசாலை சும்மாதான கெடக்கு. வாடகையும் தராண்டாம்" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

வீட்டு முன்கூடத்தையே தருகிறாரே என்று சுற்றி இருந்தவர்கள் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். சீனியரும் தலையாட்டினார். நான் கதவோரம் பார்த்தேன். சுயம்பு அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி விதிகளில் இரண்டு வழக்கமான வரிகள் உண்டு. டைரக்டர்கள் கூட்டம் ரிஜிஸ்டர்டு ஆபீசில் நடக்கும். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத டைரக்டர் பதவி இழப்பார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குற்றம் இல்லை. ஆபீஸ் அந்தத் தெருவில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனின் கழுத்தை நெரித்துவிடும். அவர் நுழைய முடியாத தெருவில் கூட்டம் போடுவார்கள். வரவில்லை என்று எழுதுவார்கள். மூன்றாவது கூட்டம் முடியும்போது அவரிடம் ஷேர் காகிதம் இருக்கும், பஸ் அவர்களிடம் இருக்கும். எல்லாம் சட்டப்படி.

அவர்கள் போன பிறகு சீனியரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே பதில் சொன்னார்.

"அது நம்ம சோலி இல்லடே. கட்சிக்காரன் சொல்லுகத எழுது."

"கட்சிக்காரர் யாரு சார்? ஏழு பேரும்தான?"

"ஃபீஸ் யாரு குடுக்கா?"

அவ்வளவுதான் அவருடைய பாடம். பெரிய வீட்டு நிலவழக்குகள் முழுவதும் அவரிடம் இருந்தன என்பதை நான் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். சுயம்பு அண்ணாச்சி வண்டிக்கு அடியில் கிடந்தார். குனிந்து விஷயத்தைச் சொன்னேன். ஸ்பேனரை முறுக்கி முடித்தார். பிறகு வெளியே வந்து, கரி படிந்த கையைத் துணியில் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீரு? அவரு பட்டாசாலைன்னு சொன்ன ஒடனே எனக்கு வெளங்கிட்டு."

"பின்னே ஏன் அண்ணாச்சி சும்மா நின்னீங்க?"

"என்ன செய்யச் சொல்லுகீரு? ரெண்டு வாட்டி கண்ணாடியில கல்லு விழுந்தாச்சு. லைசென்ச ரத்து பண்ணணும்னு மனு குடுத்திருக்காவ. சேரல்லன்னா ஒரேயடியா நசுக்குவாரு. சேந்தா மெதுவா நசுக்குவாரு."

பக்கத்தில் நின்ற ஒரு சாயாக்கடைக்காரர் குறுக்கே வந்தார். "ஓய் சுயம்பு, இதுக்குப் போயி ஏன் வருத்தப்படுகீரு? இவர மாதிரி நீரும் வேதத்துல சேந்திரும். நாளைக்கே தெருவுல நடக்கலாமே."

சுயம்பு அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆள் கடைக்குள் போய்விட்டார். "எனக்க சாமி என்னவே தப்பு பண்ணிச்சு?" என்று என்னிடம் கேட்டார். என் வேதத்தைப் பற்றி என்னிடமே கேட்கிறார்.

அன்றைக்கு நான் யோசித்ததை நீங்கள் தொழில்முறையில் கவனிக்க வேண்டும். முகவரியை மட்டும் மாற்றி எழுதினால் போதாது. டைரக்டர்கள் நினைத்தால் ஒரு நோட்டீஸ் கொடுத்து ஆபீசை மாற்றிவிடலாம். ஆகவே அதை விதிகளுக்குள்ளேயே எழுத வேண்டும்: ஆபீசும் கூட்டமும் எல்லாச் சாதியாரும் தடையின்றி வரக்கூடிய பொது ரஸ்தாவில் உள்ள இடத்தில்தான் இருக்க வேண்டும். விதியை மாற்றப் பங்குதாரர்களில் நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சுயம்பு அண்ணாச்சியிடம் இருக்கிறது. அவர் சம்மதிக்காமல் அந்த விதியை யாரும் அசைக்க முடியாது. நாகர்கோவிலில் மெயின் ரோட்டில் வெற்றிலைக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை காலியாக இருந்தது. அந்த முகவரியோடும் அந்த விதியோடும் ஒரு நகல் எழுதினேன். பெரிய வீட்டுக்காரர் சொன்னபடி இன்னொரு நகலும் எழுதினேன். இரண்டையும் பையில் வைத்தேன். இன்ன நகலில்தான் போட வேண்டும் என்று முடிவுசெய்ய நான் யார்? ஆனால் கையெழுத்துப் போடும்போது ஏழு பேர் முன்னாலும் இரண்டும் இருக்க வேண்டும் என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டேன்.

கையெழுத்துக்கு நல்ல நாள் பார்த்தார்கள். இடம் பெரிய வீடு. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பாயசம். நானும் சீனியரும் சுயம்பு அண்ணாச்சியின் பஸ்ஸிலேயே போய் இறங்கினோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு நெற்றியில் நாமம் இட்டிருந்தார். பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஆறு பேரும் தயாராக இருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "மொதல்ல அவன்கிட்ட வாங்கிட்டு வந்திரு. அவன் பாலத்துலதான நிக்கான்? நாங்க பொறவு போடுகோம்" என்றார். அவனைக் கட்டிப்போட்ட பிறகு தாங்கள் போடலாம் என்ற கணக்கு.

பத்திரத்தோடு தெருவில் நடந்தேன். பாலத்துக்கு வந்ததும் சுயம்பு அண்ணாச்சி கேட்டார்.

"அவங்க போட்டாச்சா?"

"இல்ல அண்ணாச்சி. ஒங்ககிட்ட மொதல்ல வாங்கச் சொல்லுகாரு. இது பட்டாசாலை நகலு. பையில இன்னொண்ணு இருக்கு, நாகர்கோவில் அட்ரஸ் போட்டது." விதியையும் வாசித்துக் காட்டினேன்.

பேனாவை வாங்கினார். பத்திரத்தைப் பார்த்தார். பேனாவை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"போட முடியாதுன்னு போயிச் சொல்லும். ஆறு பேரும் இங்க வரட்டும். எனக்க வண்டிக்கு முன்னால நின்னு, அந்த நாகர்கோவில் நகல்ல போடட்டும். நானும் போடுகேன்."

"அவரு கோவப்படுவாரு அண்ணாச்சி."

"படட்டும். எனக்கு வரப்பிடாதா கோவம்? கோவமும் அந்தத் தெருக்காரனுக்கு மட்டுந்தானா?"

திரும்பி நடந்தேன். வீட்டு முற்றத்தில் நின்று அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். பையில் இருந்த நாகர்கோவில் நகலையும் எடுத்துக் காட்டினேன். பிறகு பெரிய வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"ஏழு பேரும் ஒரே எடத்துல நின்னு போடணும்னு சட்டத்துல இருக்கா வக்கீலே?"

இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னால் போதும், அத்தோடு முடிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சட்டத்தின் பெயரால் அவர்கள் செய்யப்போன வேலையை நானும் செய்தால் எனக்குக் கோபப்பட என்ன யோக்கியதை?

"இல்ல. சாட்சி பாக்கப் போட்டா போதும், எங்க வேணும்னாலும் போடலாம். ஆனா ஏழு பேரு வேணும். ஏழாவது ஆளு சொல்லுகத நான் சொன்னேன்."

"ஏழாவதுக்கு எங்க காரியஸ்தன் போடுவான். பேனாவ எடு."

"போடலாம். கம்பெனியும் பதிவாகும். பஸ்ஸும் லைசென்சும் வராது."

சீனியர் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "நீ யாருக்குடே வேல பாக்க?"

"ஏழு பேருக்கும்" என்றேன். என் குரல் எவ்வளவு ஏறியிருந்தது என்பது, அடுக்களையிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

பெரிய வீட்டுக்காரரின் மச்சினன்தான் வாயைத் திறந்தார். அவருக்கு நியாயத்தில் அக்கறை ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு தெரிந்தவர். "அத்தான், நல்ல நேரம் கழியப் போகுது. அவன் வண்டி இல்லாம நம்ம வண்டியில எவன் ஏறுவான்? வாங்க, போட்டுட்டு வந்திருவோம்."

ஆறு பேரும் பட்டுக்கரை வேட்டியோடு தெருவில் இறங்கி நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பாலத்தில் பஸ்ஸின் என்ஜின் மூடியின்மேல் என் பையை வைத்து, அதன்மேல் நாகர்கோவில் நகலை விரித்தேன். பட்டாசாலை நகலையும் பக்கத்தில் வைத்தேன். யாரும் அதைத் தொடவில்லை. பெரிய வீட்டுக்காரர் முகவரியை வாசித்தார். விதியை இரண்டு தடவை வாசித்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். கடைசியாக சுயம்பு அண்ணாச்சி இறங்கி வந்து, நிதானமாகப் போட்டுவிட்டு, பயணிகளைப் பார்த்து, "நேரமாச்சு, எல்லாரும் ஏறுங்க" என்றார்.

திரும்பி வந்து நாகர்கோவிலில் இறங்கியதும் சீனியர், "நாளைக்கு நீ வராண்டாம். பத்திரப் பைய வச்சிட்டுப் போ" என்றார்.

"பை ஏழு பேரும் நம்பித் தந்தது சார். ஏழு பேரும் கேட்டா தருகேன்."

கையை ஓங்கினார். அடிக்கவில்லை. எனக்கு எழுத்தும் சட்டமும் சொல்லித்தந்த கை அது. அதை அவர் ஓங்கியதைவிட, எதற்காக ஓங்கினார் என்பதுதான் இன்றும் என்னால் பொறுக்க முடியாதது. ஒரு மனிதனின் பிழைப்பை அவனுடைய கையெழுத்தாலேயே பறிக்க முடியாமல் போனதற்காக!

மறுநாள் காலை முதல் வண்டியில் திருவனந்தபுரம் போனேன். ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் குமாஸ்தா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அந்த விதியில் விரல் நின்றது. இப்படி ஒரு வரியை எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லையே, எதற்கு என்று மலையாளத்தில் கேட்டார். ஏழு பேரும் சம்மதித்து எழுதியது என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினார். ராஜ்யமே செய்யத் தயங்கிக்கொண்டிருந்ததை ஒரு சின்ன பஸ் கம்பெனியின் விதியில் தான் பதிந்துகொண்டது அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வெகுநாள் வேலை கிடையாது. சீனியரின் வாக்கு கோர்ட் வளாகம் முழுவதும் செல்லும். வந்த முதல் கட்சிக்காரர் சுயம்பு அண்ணாச்சிதான். பெரிய வீட்டுக்காரர் விதியை மதிக்காமல் தன் பட்டாசாலையில் கூட்டம் போட்டு, வரவில்லை என்று இவருக்கு நோட்டீஸ் விட்டிருந்தார். அந்தக் கூட்டம் செல்லாது என்று பதில் நோட்டீஸ் எழுதினேன். மறுபடி செய்தார். மறுபடி எழுதினேன். மூன்றாவது கூட்டத்துக்குப் பெரிய வீட்டுக்காரரே வெற்றிலைக் கடை மாடிப்படி ஏறி வந்தார். அன்றைக்கு சுயம்பு அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. கம்பெனி ஓடியது. வண்டிகள் பெருகின. சில வருடங்களில் நானே அந்தக் கம்பெனியின் வக்கீல் ஆனேன். ஆனாலும் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த படம் பெரிய வீட்டுக்காரருடையதுதான். ஸ்தாபகராம்!

முப்பதுகளின் பின்பாதியில் மகாராஜா கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார். தெருக்களும் திறந்தன. அதற்கடுத்த பங்குதாரர் கூட்டத்தில் பெரிய வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனித் தடை ஒன்றும் இல்லையே, அந்தப் பழைய விதியை எடுத்துவிடலாம், ஆபீசைத் தன் வீட்டுக்கே மாற்றிக்கொள்ளலாம், வாடகை மிச்சம் என்றார். "சுயம்பும் இப்ப தாராளமா நம்ம தெருவுக்கு வரலாம்" என்று வேறு சொன்னார். தான் திறந்துவிட்டதுபோல!

ஓட்டுக்கு விட்டார்கள்; நடவடிக்கை எழுதியது நான். எல்லாரும் கை தூக்கினார்கள். சுயம்பு அண்ணாச்சி தூக்கவில்லை.

"வேண்டாம்" என்றார். "நீங்க இங்க வாங்க."

பெரிய வீட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், அது கூட்ட நடவடிக்கையில் பதிவாக வேண்டும் என்றார். நான் பேனாவைப் பிடித்தபடி சுயம்பு அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"காரணம் எழுதாண்டாம் வக்கீலே. அவருக்குத் தெரியும்."

அவருடைய மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் நாலில் மூன்று தேறவில்லை; தீர்மானம் தோற்றது, அடுத்த கூட்டம் நாகர்கோவில் ஆபீசில் என்று எழுதினேன். கூட்டத்தின் தலைவர் என்ற முறையில் பெரிய வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் போட்டார்.